ஒரு சேஃப்டிக்கு

"ஷ்யூரா, செண்பா?" என்று கேட்டுவிட்டு மேலாளர் ரகோத்தமன் போய் அரை மணி நேரம் ஆகிவிட்டது, அந்த "ஷ்யூரா" மட்டும் போகாமல், யாரோ குடித்துவிட்டு மேசையில் விட்டுப்போன எச்சில் டம்ளரைப் போல, செண்பகவல்லியின் எதிரே உட்கார்ந்திருந்தது. எடுத்துக் கழுவி வைக்கவும் மனமில்லை, அப்படியே விட்டு ஈ மொய்ப்பதைப் பார்க்கவும் மனமில்லை. பெரிய கேள்வியா என்றால் இல்லை. ஒற்றைச் சொல், அதுவும் இரவல் சொல், கேட்டவன் அவளைவிட மூன்று வயது இளையவன், கேட்கும்போது அவன் பார்வை அவன் கைப்பேசியில் இருந்தது. பதில் வேண்டிக் கேட்கிறவன் முகத்தைப் பார்ப்பான். இவனுக்குப் பதில் வேண்டாம். நாளைக்கு ஏதாவது கெட்டுப்போனால் "அன்னிக்கே கேட்டேனே" என்று சொல்லிக்கொள்ள ஒரு வாக்கியம் வேண்டும், அதற்கு இன்றைக்கே முன்பதிவு செய்துகொண்டு போகிறான். கெர்னல் என்கிற, கணினியில் சில்லுக்கும் மற்ற மென்பொருள் அத்தனைக்கும் நடுவே நின்று ஓயாமல் ஊழியம் செய்கிற அந்த அடித்தள நிரலில் அவள் முனைவர் பட்டம் வாங்கியவள். பெருங்குடியில் இந்தக் கண்ணாடிக் கட்டடத்துக்குள் அதே வேலையைப் பதினான்கு ஆண்டுகளாகச் செய்கிறவள். மூன்று மணிக்குக் கூட்டம். அவள் கெர்னலிலிருந்து வெட்டி எறிந்திருக்கும் நாற்பது சொச்சம் வரிகள் இல்லாமலே வாடிக்கையாளர்களுக்கு இந்த வெளியீடு போகுமா என்பது அங்கே முடிவாகும். போனால் அந்தப் பகுதிக்கு இனி அவளே பொறுப்பாளர். "ஒரே ஒரு பக் வந்தாலும் மேல என்னால பதில் சொல்ல முடியாது, புரியறதா?" என்று காலையில் சிரித்துக்கொண்டே சொன்னான். புரியாமல் என்ன. அவனுடைய பழைய நிரலில் வாரத்துக்கு ஒரு பிழை வந்தபோது யாருக்கு யார் பதில் சொன்னார்கள்?

வெட்டி எறிந்தது என்னவென்றால், கேள்விகளை. கணினி கண் விழிக்கும்போதே கெர்னல் சில்லைக் கூப்பிட்டு நிற்கவைத்து விசாரித்துவிடுகிறது: உனக்கு என்னென்ன திறன் உண்டு? எண்களை ஒரே வாரலில் அள்ளிப் பிசைகிற இரட்டை அகலத் திறன் உண்டு என்று அது சொன்னால், அதற்குக் கீழ்ப்படியான அகலத் திறனும் உண்டென்றுதானே பொருள். அகலத் திறன் இருந்தால், ஒரு வேலையை நிறுத்திவிட்டு இன்னொன்றுக்குத் தாவும்போது கையில் இருப்பதைச் சிந்தாமல் இறக்கிவைக்கும் திறனும் உண்டென்று பொருள். கீழ்த்தளம் இல்லாமல் மாடி ஏது. ஆனால் நிரல் எழுதிய மகானுபாவர்கள் ஒவ்வொருவரும், ஒவ்வொரு கோப்பிலும், ஒவ்வொரு முறையும், இரட்டை அகலம் இருக்கிறதா, சரி, அகலம் இருக்கிறதா, சரி, இறக்கிவைக்கத் தெரியுமா என்று மூன்றையும் கேட்டுவிட்டுத்தான் சில்லை வேலைக்கே விடுகிறார்கள். முனைவர் பட்டத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுப் பன்னிரண்டாவது பாஸா, பத்தாவது பாஸா என்று கேட்பதைப் போல. போல என்ன போல. போன ஆண்டு இதே கட்டடத்தில் மூன்றாம் மாடியிலிருந்து ஐந்தாம் மாடிக்கு அவள் மாறியபோது, மனிதவளத்துறைப் பெண் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலைக் கேட்கத்தான் செய்தாள். இங்கேதானே பதின்மூன்று வருஷமா இருக்கேன், எங்கே போய்ப் பத்தாவதைத் தொலைச்சிருப்பேன்? "ஒண்ணுமில்ல மேம், ஒரு சேஃப்டிக்கு." கோவில்பட்டியில் அம்மாவின் பீரோவில், பட்டுப்புடவைக்கு அடியில், நாப்தலின் வாசனையோடு கிடந்த அந்தத் தாளை வரவழைத்துக் கொடுத்தாள். கணக்கில் நூற்றுக்கு நூறு. அதை அந்தப் பெண் பார்க்கக்கூட இல்லை.

ஒரு சேஃப்டிக்கு. இந்த நாட்டில் ஒரு பெண்ணை எவ்வளவு தூரம் அவமானப்படுத்தினாலும் கடைசியில் தடவிக்கொடுக்க இந்த ஒரு சொல் போதும். கல்லூரி விடுதியில் ஆறரைக்குக் கதவு பூட்டியது சேஃப்டிக்கு. ஆய்வகம் எட்டு வரை திறந்திருக்கும், ஆண்கள் எல்லாம் எட்டு வரை கணினியில் கிடப்பார்கள், இவள் மட்டும் பாதி ஓடிய நிரலை நிறுத்திவிட்டு, பள்ளிக்கூடம் விட்ட பிள்ளை மாதிரி ஓடவேண்டும். வாய்மொழித் தேர்வில் வெளியூர்ப் பேராசிரியர் மூன்றாம் அத்தியாயத்தைப் புரட்டி, "இதெல்லாம் நீங்களே பண்ணினதாம்மா?" என்று கேட்டது சேஃப்டிக்கு, பக்கத்தில் அவளுடைய நெறியாளர் முந்திரிப்பருப்பைப் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தார், ஆமாம் என்று ஒரு சொல் சொல்ல அவருக்கு வாய் ஒழியவில்லை. வீட்டுக் கடனுக்கு வங்கியில், அவளுடைய சம்பளம், அவளுடைய பெயர், அவளுடைய வீடு, "சாரையும் ஒரு கையெழுத்துப் போடச் சொல்லிருங்களேன் மேடம், ஒரு சேஃப்டிக்கு." சார் போட்டார். சாருக்கு அந்த வீட்டின் கதவு எண் இன்றைக்கும் தெரியாது. யாருடைய சேஃப்டி? இதை ஒருவரும் கேட்பதில்லை. கதவு பூட்டியதில் விடுதிக் காப்பாளருக்குச் சேஃப்டி, கையெழுத்தில் வங்கி மேலாளருக்குச் சேஃப்டி, ஷ்யூராவில் ரகோத்தமனுக்குச் சேஃப்டி. அவளுக்கு இதில் எந்த இடத்திலாவது ஏதாவது கிடைத்ததா என்று யோசித்தாள். குளிரூட்டி தலைக்கு நேர்மேலே கொட்டிக்கொண்டிருந்தது. துப்பட்டாவைக் காதைச் சுற்றிப் போர்த்திக்கொண்டாள். புதிய கெர்னல் மறுபடி ஒருமுறை உருவாகி முடிந்துவிட்டதாகத் திரையில் கடைசி வரி வந்து நின்றது. சோதிக்க வேண்டிய எல்லா எந்திரங்களிலும் நேற்றே ஓட்டிப் பார்த்தாயிற்று. எல்லாம் எழுந்தன, எல்லாம் ஓடின. இனி மூன்று மணி வரை சும்மா உட்கார்ந்திருக்கலாம். சும்மா உட்கார்ந்தால் அந்த டம்ளர் எதிரே இருக்கிறது. எழுந்து சோதனை அறைக்கு நடந்தாள்.

வாசலில் காவலுக்கு இருந்த சகாயமேரி கையை நீட்டினாள். சகாயமேரிக்குச் சாயர்புரம், செண்பகவல்லிக்குக் கோவில்பட்டி. இருவரும் பேசினால் ஐந்தாம் மாடியில் தாமிரபரணிக் காற்று கொஞ்சம் அடிக்கும். "பையைக் காட்டுங்கக்கா." "காலைலதானடி பாத்த?" "காலைல பாத்தது காலைப் பை. இது மத்தியானப் பை." "உள்ள என்ன இருக்குன்னு நெனைக்க? கம்ப்யூட்டரத் தூக்கி துப்பட்டால சுருட்டிக்கிட்டுப் போறேனா?" "நீங்க செய்ய மாட்டீக. ஆனா கேமராவுல நான் கைய விட்டுத் துழாவலன்னா எனக்கு மெமோ வரும்லா. திறங்க." துழாவினாள், சீப்பு, எலுமிச்சை மிட்டாய், தலைவலித் தைலம். மிட்டாயில் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "பாத்தாச்சு, போங்க," என்றாள். கோபம் வரவேண்டிய இடம்தான், வரவில்லை. ஏன் வரவில்லை என்று அறைக்குள் நடக்கும்போது மனம் நோண்டிற்று. இவளாவது தன் மெமோவுக்காகத் துழாவுகிறேன் என்று முகத்தைப் பார்த்துச் சொல்கிறாள். உன் நன்மைக்குத்தான் என்று பூசி மெழுகவில்லை. பொய் சொல்லாமல் செய்கிற அவமானம் பாதி அவமானம்தான் போலும்.

அறையின் மூலையில் ஒரு பழைய பெட்டி கிடந்தது. நெற்றியில் ஒட்டிய தாளில் யாரோ பேனாவால் "வோல்டேஜ் பிரச்சினை" என்று எழுதியிருந்தார்கள். எந்தெந்த ஊர் மருத்துவமனைகளிலோ ஸ்கேன் படங்களை வேறு யாரும் பார்க்க முடியாதபடி பூட்டி, தூரத்தில் இருக்கும் மருத்துவருக்கு அனுப்புவதற்காக இவர்கள் விற்ற பெட்டி. மழைக்காலத்தில் இதே வகையில் சில உறைந்து நின்றன. திரை நின்றது, ஆள் போய் அணைத்துப் போட்டால் எழுந்தது, மறுபடி நின்றது. அந்த ஊரில் மின்சாரம் சரியில்லை என்று பதில் அனுப்பி, ஒன்றைத் திருப்பி வாங்கி இங்கே போட்டிருந்தார்கள். இதில் ஓட்டிப் பார்க்கச் சொல்லி யாரும் அவளிடம் கேட்கவில்லை. சோதிக்க வேண்டிய எந்திரங்களில் இது இல்லவே இல்லை. இருந்தாலும் வடத்தை எடுத்துச் செருகி, தன் புதிய கெர்னலை ஏற்றினாள், ஒருவிதமான முரட்டுக் கோபத்தில்தான். ஷ்யூராவாம், இதிலும் ஓட்டிக் காட்டுகிறேன், உன் வீட்டு மிக்ஸியிலும் ஓட்டிக் காட்டுகிறேன். பெட்டி முனகியது. விசிறி சுற்றியது. எழுத்துகள் கீழிருந்து மேலே ஏறின, ஏறின, நின்றன. சரி, ஏதோ யோசிக்கிறது. யோசிக்கட்டும். திரையின் அடியில் அந்தச் சின்னக் கோடு கண் சிமிட்டவேண்டும், சிமிட்டவில்லை. விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது, உள்ளே உயிர் போய்விட்டது தெரியாமல்.

மறுபடி அணைத்துப் போட்டாள். அதே வரியில் வந்து நின்றது. வோல்டேஜ், இது வோல்டேஜ்தான், நெற்றியிலேயே எழுதியிருக்கிறதே என்று மனம் ஓடிப்போய் அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டது, பிடித்த மாத்திரத்தில் வெட்கமும் பட்டது, ஏனென்றால் அது ரகோத்தமனின் மனம் ஓடுகிற ஓட்டம். நின்ற வரிக்கு மேலே இருந்த வரிகளைப் படித்தாள். இரட்டை அகலத் திறன் உண்டு என்று சில்லு சொல்லியிருந்தது. அகலத் திறன் உண்டு. இறக்கிவைக்கும் திறன், இல்லை. இல்லையா? இதெப்படி இல்லாமல் போகும்? மாடி இருக்கிறது, அதற்கு மேல் மாடியும் இருக்கிறது, கீழ்த்தளத்தைக் காணோம். ஒரு நிமிஷம் அவளுக்குச் சில்லின் மேலேயே ஆத்திரம் வந்தது, புளுகுணிச் சனியனே என்று. பிறகுதான் தெரிந்தது, அது புளுகவில்லை. அதற்கு மூன்று திறனும் உண்டு. கெர்னல் வருவதற்கும் முன்னால் கணினியைத் தட்டி எழுப்புகிற பயாஸ் என்ற அடிமட்ட நிரலில், எந்தக் காலத்திலோ யாரோ ஒருவர் அந்த ஒன்றை மட்டும் அணைத்துவைத்திருக்கிறார். எதற்காக? எதற்காக இருக்கும், ஒரு சேஃப்டிக்குத்தான். பிறவியில் இருந்த திறனை மேலே இருந்தவன் அணைத்துவிட்டுப் போய்விட்டான். இது அது தெரியாமல், எனக்கு எல்லாம் வரும் என்று முன்னால் வந்து நிற்கிறது, வேலையில் இறங்குகிறது, கையில் இருப்பதை இறக்கிவைக்க முடியாமல் விறைத்துப் போகிறது. எலுமிச்சை மிட்டாயைத் தேடினாள்.

ஆக, அவள் வெட்டிய கேள்விகள் வெட்டியான கேள்விகள் இல்லை. அந்த மூன்றாம் கேள்வி, சிரித்துச் சிரித்து அவள் எறிந்த பத்தாம் வகுப்புக் கேள்வி, இந்தப் பெட்டியில் உயிர்க் கேள்வி. உட்காரத் தோன்றவில்லை. நின்றுகொண்டே கணக்குப் போட்டாள், கேவலமான கணக்கு: இந்தப் பெட்டியை இங்கே யாரும் தொடமாட்டார்கள், கூட்டத்தில் யாரும் கேட்கமாட்டார்கள், மூன்று மணி தாண்டினால் பொறுப்பு அவள் பெயரில், பிறகு சத்தமில்லாமல் ஒரு திருத்தத்தைப் போட்டுவிடலாம். ஆண்கள் செய்வதில்லையா? ரகோத்தமன் செய்ததில்லையா? அவன் தவறினால் அது ஒரு பக். இவள் தவறினால் அது இவள். பெண்ணிடம் கொடுத்தால் இப்படித்தான் என்று எவனும் வாய்விட்டுச் சொல்லமாட்டான், அந்த அளவுக்கு எல்லோரும் படித்திருக்கிறார்கள். "இன்னும் கொஞ்சம் கேர்ஃபுல்லா இருந்திருக்கலாம்" என்பார்கள், மென்மையாக, ஐசியூ வாசலில் பேசுகிற குரலில். அந்த மென்மையை நினைத்ததும் பல் கூசியது. ஆனால் அந்தப் பிறகு என்பது எவ்வளவு நேரம்? வெளியீடு இன்று மாலையே போய்விடும். இரவுக்குள் ஏதோ ஒரு ஊரில் ஏதோ ஒரு பெட்டி அணைந்து எழும், எழும்போது விறைக்கும், படுக்கையில் தலையைக் கட்டிக்கொண்டு எவளோ ஒருத்தி கிடப்பாள், அவளுடைய படம் அந்தப் பெட்டிக்குள் கிடக்கும். மின்சாரம் சரியில்லை என்று மறுபடி பதில் போகும். அந்தப் பதிலை இந்தமுறை எழுதுவது யார்? பொறுப்பாளர்.

பழைய கெர்னலைப் போட்டுப் பார்த்தாலென்ன என்று தோன்றியது எந்த நொடியில் என்று தெரியவில்லை. கை அதற்குள் போட்டுவிட்டிருந்தது. நாற்பது சொச்சம் கேள்விகளும் குறையாமல் இருக்கிற கெர்னல். எழுந்தது. அவளுடையது நின்ற வரியை ஒய்யாரமாகத் தாண்டிப் போனது. பார்த்துக்கொண்டே நின்றாள், தோற்றவள் ஜெயித்தவனைப் பார்ப்பதைப் போல. ஒரு படத்தைக் கொடுத்து, பூட்டி அனுப்பு என்றாள். விறைத்து நின்றது. அவளுக்கு நம்ப முடியவில்லை. மறுபடி செய்தாள், மறுபடி விறைத்தது. நிரலைத் திறந்து அந்த இடத்துக்குப் போனாள். படத்தைப் பூட்டுகிற அந்த ஒரு கோப்பில், அந்த ஒரே இடத்தில், எழுதியவர் மூன்றாம் கேள்வியை எழுத மறந்திருந்தார். நாற்பது இடத்தில் கேட்டவர்கள் நாற்பத்தோராவது இடத்தில் கேட்கவில்லை. கேட்காதது யாருக்கும் உறைக்கவும் இல்லை, ஏனென்றால் எங்கே திரும்பினாலும் யாராவது கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். மழைக்காலத்தில் நின்றது மின்சாரம் இல்லை, இதுதான். அவளுக்கு அம்மா நினைவுக்கு வந்தாள், ஊருக்குக் கிளம்பும்போதெல்லாம் இவள் அடுப்பின் ஒவ்வொரு திருகையும் தொட்டுத் தொட்டுப் பார்க்கையில் பின்னாலிருந்து சத்தம் போடுகிறவள்: "அங்க என்னத்தத் தடவிக்கிட்டு நிக்க? சிலிண்டர்ல மூடிட்டு வா, கழுத." சிலிண்டரில். ஒரே இடத்தில். கெர்னல் கண் விழித்துச் சில்லை விசாரிக்கிற அந்த முதல் இடத்திலேயே, இறக்கிவைக்கும் திறன் இல்லையென்றால் அதற்கு மேலுள்ள இரண்டையும் அடித்துவிடு என்று ஒற்றை வரி. அது அங்கே ஏற்கெனவே இருக்கும் என்று அவள் நம்பியிருந்தாள். அதுதான் அவளுடைய பிழை. நம்பியது பிழை, வெட்டியது பிழை இல்லை. இந்த வித்தியாசம் மூன்று மணிக் கூட்டத்தில் யாருக்காவது புரியுமா என்று யோசிப்பதை அதோடு நிறுத்திக்கொண்டு எழுதத் தொடங்கினாள். வரி எழுதிமுடிக்கச் சில நொடி, உருவாகி வரச் சில நிமிஷம். பெட்டி எழுந்தது. படத்தைக் கொடுத்தாள். மெதுவாக, அகலத் திறன் இல்லாதவர்கள் செய்கிற பழைய வழியில், ஆனால் சிந்தாமல் சிதறாமல் பூட்டி அனுப்பியது. பாராட்ட ஆளில்லாத அறையில் விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. திருத்தத்தின் அடியில், வழக்கப்படி, பிழையைக் கண்டவர் செண்பகவல்லி என்றும், திருத்தியவர் செண்பகவல்லி என்றும் எழுதினாள். சரிபார்த்தவர் என்ற மூன்றாவது பெயர் இல்லாமல் எந்த மாற்றமும் கெர்னலுக்குள் நுழைய முடியாது. அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு மூன்று மணிக்கு ரகோத்தமனின் அறைக்குப் போனாள்.

கூட்டம் என்றால் அவனும் அவளும்தான். கதவைச் சாத்தியதுமே சொல்லிவிட்டாள். முன்னுரை, இழுப்பு, மன்னிப்பு எதுவும் இல்லை. "நான் வெட்டினதுல ஒரு ஓட்டை இருந்தது. நான்தான் கண்டுபிடிச்சேன். அந்த மூலையில கிடக்கற ஆஸ்பத்திரிப் பெட்டியில நிக்குது." ரகோத்தமன் நாற்காலியில் சாய்ந்தான். அவன் முகத்தில் வந்தது கோபம்கூட இல்லை, நிம்மதி. "பார்த்தேளா? இதுக்குத்தான் அப்பவே கேட்டேன். அப்போ அந்தக் கேள்வி, செக் எல்லாம் தேவைதான்." "தேவை இல்லை. எல்லா செக்கும் இருக்கற பழைய கெர்னலும் அதே பெட்டியில நிக்குது, படத்தைப் பூட்டும்போது. மழைக்காலத்துல நின்னது அதுதான், வோல்டேஜ் இல்ல." "அது யார் எழுதின புரோகிராம்?" "பார்க்கல." உண்மையில் பார்க்கவில்லை, ஒரு கட்டளை அடித்தால் பெயர் வந்து விழும், விரல் அந்தப் பக்கம் போய்த் திரும்பிவிட்டது. எழுதியது அவளாகவே இருந்தாலும் அந்தப் பெட்டிக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை. "யார் எழுதினா என்ன, நாற்பது பேர் கேட்டும் நின்னுதுன்னு சொல்லுதேன். கேட்க வேண்டிய இடம் ஒண்ணு. அங்க இப்ப வரி இருக்கு. மத்ததெல்லாம் போகட்டும்." சொல்லுதேன். இத்தனை ஆண்டுகளாக ரகோத்தமன் எதிரே வாயை விட்டு வராத கோவில்பட்டி வந்துவிட்டது, வந்தால் வரட்டும். ரகோத்தமன் பேனாவை மேசையில் உருட்டினான். "தப்பா எடுத்துக்காதீங்க செண்பா. ஒரே நாள்ல இப்படி ஆனதுக்கு அப்புறம் பொறுப்பை உங்க பேர்ல போடச் சொல்லி நான் மேல கேட்க முடியாது. இன்னும் கொஞ்சம் கேர்ஃபுல்லா… சரி, அடுத்த ரிலீஸ்ல பார்க்கலாம்."

போயிற்று. அவள் நினைத்திருந்தது இந்த இடத்தில் மார்பு அடைக்கும் என்று. அடைக்கவில்லை, காது மட்டும் சூடானது. தானே கொண்டுவந்து கையில் கொடுத்த பிழையை வைத்தே அவளை அடிக்கிறான், கொடுக்காமல் இருந்திருந்தால் இந்நேரம் கைகுலுக்கியிருப்பான். இதற்குப் பெயர் நிர்வாகம். "அது உங்க இஷ்டம்," என்றாள். "இது இன்னைக்குப் போகணும். அந்த மாடல் இன்னும் எத்தனை ஊர்ல ஓடுதுன்னு என்னைவிட உங்களுக்குத்தான் தெரியும்." "போகட்டும், போகட்டும். நான் ஓகேன்னு மெயில் போட்டுடறேன்." "ஓகே வேண்டாம். சரிபார்த்தவர்னு உங்க பேர் வேணும்." பேனா உருள்வது நின்றது. பதினான்கு ஆண்டுகளில் அந்த வரியில் தன் பெயரைப் போட்டவனில்லை அவன். ஷ்யூரா என்று கேட்பதற்குப் பெயர் தேவைப்படுவதில்லை. "நீங்களே பார்த்தாச்சே. என் பேர் எதுக்கு?" "நான் பார்த்ததை நம்பலேன்னுதானே பொறுப்பைத் தரல. அப்ப நம்பற ஆள் ஒருத்தர் பார்க்கணும்ல. படிச்சீங்களா, இதுவரைக்கும் ஒரு வரியாவது?" "மேலோட்டமா…" "இப்பப் படிங்க. நான் எங்கயும் போகல." நாற்காலியை இழுத்து, மேசைக்கு எதிர்ப்புறமாக இல்லாமல், அவன் பக்கத்திலேயே போட்டு உட்கார்ந்தாள். அவன் கதவைப் பார்த்தான், கைப்பேசியைப் பார்த்தான், அது ஒலிக்கவில்லை. வேறு வழி இல்லாமல் திரையைத் தன் பக்கம் திருப்பினான். வேகமாகக் கீழே உருட்டினான்; அவள் நாற்காலியை இன்னும் நெருக்கிப் போட்டாள்; மறுபடி மேலே வந்தான். இம்முறை மெதுவாக. வாசிக்கும்போது அவன் உதடு லேசாக அசைந்தது. வெட்டப்பட்ட கேள்விகள் சிவப்பாக ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. ஒரு இடத்தில் நின்று முன்னால் குனிந்தான். அவள் புதிதாகச் சேர்த்த, பச்சையாக இருந்த ஒரே வரி. "இதை ஏன் இங்க வச்சிருக்கீங்க?" என்றான், அவள் முகத்தைப் பார்த்து. "இதுக்கு முன்னாடியே யாராவது அந்தத் திறனை எடுத்துப் பயன்படுத்திட்டா?" நல்ல கேள்வி. அதற்கு அவளிடம் பதில் பாதிதான் இருந்தது. கோபம் அப்படியேதான் இருந்தது. திரையைத் தன் பக்கம் கொஞ்சம் இழுத்துக்கொண்டு, "எடுக்க முடியாதுன்னுதான் நெனைக்கேன்," என்றாள். "வாங்க, பார்த்துருவோம்."